இடம் மாறிய தாழ்ப்பாள்

"இந்தப் பிள்ளையை அடைத்து வைக்க வேண்டாம், வீட்டிலிருந்தே திருந்தட்டும்" என்று நீதிபதி சொன்னதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் பாத்துக்கிடுதேன் அய்யா."

கூர்நோக்கு இல்லத்திலிருந்து வெளியே வந்த ஜெனிட்டா, ஆட்டோவில் அம்மாவின் தோளில் சாய்ந்தே வந்தாள். தன் பையில் போலீசுக்குக் கிடைத்த கஞ்சாப் பொட்டலம் அண்ணனுடையது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிடாதே என்று அழுது கேட்டது அம்மாதான்.

வீட்டில் நெத்திலிக் குழம்பு மணத்தது. சாப்பிட்டதும் அம்மா அவளை உட்காரவைத்து, தலை நிறைய எண்ணெய் தேய்த்துவிட்டாள். "செத்த நேரம் படு."

அறைக் கதவின் உட்புறத்தில் தாழ்ப்பாளைக் காணோம். அது இருந்த இடத்தில் நான்கு துளைகள்தான் இருந்தன.

"எம்மா, தாப்பா எங்க?"

அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். வெளிப்பக்கம் இரும்பு உரசும் சத்தம் கேட்டு, பாதியில் நின்றது.

"இப்பதான மாத்தி மாட்டிருக்கேன், இறுக்கமாத்தான் இருக்கும். கொஞ்சம் எண்ணெ தடவும்மா" என்றான் அண்ணன்.

எண்ணெய்க்காக அம்மா அடுப்படிக்குப் போவாள், அதற்குள் கதவைத் தள்ளிவிடலாம் என்று ஜெனிட்டா நினைத்தாள். அம்மா நகரவில்லை. கையில் மிச்சமிருந்த எண்ணெயே போதுமானதாக இருந்தது.