குத்தாலம் நோட்டு

"எக்கா, குத்தாலம் போயிட்டு வாரேன்."

தென்காசியில் அந்த ஜவுளிக்கடையில் ஒண்ணுக்குப் போவதற்கு அதுதான் பெயர். சேலை பார்க்க வந்தவர்கள் முன்னால் வேறெப்படிச் சொல்ல?

யாராவது அப்படிச் சொன்னால் போதும், சூப்பர்வைசர் சந்தனமாரி நோட்டை எடுத்துவிடுவாள். போனவள் பெயருக்கு நேரே ஒரு கோடு.

"ஒண்ணுக்குப் போறதையுமா எழுதுவா? இவளும் பொம்பளதான?" சேலையை மடித்துக்கொண்டே முனகினாள் ஜெயபிரியா.

"மெதுவா பேசுட்டி," என்றாள் பக்கத்தில் நின்ற ஜெஸி. "அடிக்கடி போறவளைப் பிடிக்க மொதலாளி போடச் சொன்ன நோட்டு. போன மாசம் சுஜிதா பேரைச் சுத்தி செவப்பு மையில வட்டம் போட்டா. மறுநாள்லேருந்து சுஜிதாவைக் காணோம்."

ஜெயபிரியாவுக்குத் திக்கென்றது. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. 'நீ ஒரு மாசம் தாங்க மாட்ட' என்று சிரித்த புருஷனிடம் சவால் விட்டுவிட்டு வந்தவள். வேலை போனால் அந்த மனுஷன் வாயை யார் அடைப்பது?

யோசித்தாள். தண்ணி குடித்தால்தானே குத்தாலம்?

மறுநாளிலிருந்து கடைக்குள் ஒரு மடக்கு இறக்கவில்லை.

மூணு நாள் ஓடியது. ஜெஸிக்குத் தினம் அஞ்சு கோடு, ஆறு கோடு. ஜெயபிரியாவுக்கு முட்டை. வெளியே சாரல் பொழிந்தது, இவளுக்கு உதடு வெடித்தது. தலைவலி மண்டையைப் பிளந்தது. இருந்தாலும் நோட்டைப் பார்க்கப் பார்க்க உள்ளுக்குள் ஒரு கெத்து.

நாலாம் நாள் சாயங்காலம் சந்தனமாரி கூப்பிட்டாள்.

"என்னட்டி, ஒன் பேருக்கு நேர ஒரு கோடுகூட இல்ல?"

"ஆமாக்கா." மெடல் வாங்க வந்தவள் மாதிரி நின்றாள்.

சந்தனமாரி சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஜெயபிரியாவின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

ஜெயபிரியாவுக்கு வந்ததே கோபம். "ஆறு தடவ போனவளை விட்டுட்டு எனக்கு வட்டமா? நாங்க மோளுததை எண்ணிச் சொல்லித்தான் மொதலாளிட்ட நல்ல பேரு வாங்கணுமாக்கா?"

சந்தனமாரி அசரவில்லை.

"குடிச்ச தண்ணி வேர்வையா போகணும், இல்ல குத்தாலமா போகணும். ஏசிக்குள்ள நிக்க, வேர்வை இல்ல. குத்தாலமும் இல்ல. அப்போ தண்ணியே உள்ள போகலன்னுதான அர்த்தம்? சுஜிதாவும் இப்படித்தான் வாரக்கணக்கா முட்டை வாங்குனா. வட்டம் போட்டு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கிட்னியில கல்லு. அடுத்த வாரம் வேலைக்கு வந்துருவா."

ஜெயபிரியாவின் குரல் இறங்கிவிட்டது. "அப்போ மொதலாளி…?"

"அவரு போறவளைப் பிடிக்கச் சொன்னாரு. நான் போகாதவளைப் பிடிக்கேன். நோட்டு ஒண்ணுதான."

தன் தண்ணி பாட்டிலைத் திறந்து அவள் கையில் திணித்தாள்.

"குடி. கடை அடைக்குததுக்குள்ள ரெண்டு கோடு விழல, நீ அடிக்கடி குத்தாலம் போறன்னு மொதலாளிட்ட சொல்லிருவேன்."