பூட்டு சிஸ்டர்

"என் பொண்ணை மட்டும் ஏன் ஜன்னல் பக்கம் விட மாட்டேங்கிறீங்க, சிஸ்டர்?"

காலையிலிருந்து மெக்கானிக் இதைக் கேட்பது நாலாவது தடவை. நுரையீரலில் தொற்று என்று ஆஸ்பத்திரியின் அந்தத் தனி அறைக்குள் அவனை அடைத்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. கதவைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது.

"விட முடியாது," என்றாள் நர்ஸ், மாஸ்க்குக்குள்ளிருந்து. அந்த வார்டு நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் 'பூட்டு'.

"பக்கத்து ரூம்காரருக்கு மட்டும் விடலாமா? பேரன், பேத்தி எல்லாம் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்குது."

"அது அவங்க விஷயம். மாத்திரையை எடுங்க."

ஊரே ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்ளும் நாள். வராந்தா முழுக்க வண்ணக் காகிதப் பொட்டலங்கள். அவனும் ஒன்று வைத்திருந்தான். காலி மாத்திரை அட்டைகளின் வெள்ளித்தாளை உரித்து, மூன்று நாள் உட்கார்ந்து மடித்த பட்டாம்பூச்சி. அறையிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாதுதான். கண்ணாடி வழியாகக் காட்டினால் போதும், அவனுடைய ஆறு வயதுக்காரி துள்ளிக் குதிப்பாள்.

மனைவிக்குப் போன் போட்டான்.

"கூட்டிட்டுத்தாங்க வந்தேன். அந்த சிஸ்டர்தான் திருப்பி அனுப்பிட்டாங்க." சொன்ன கையோடு போனை வைத்துவிட்டாள்.

அவனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. நர்ஸ் பக்கம் திரும்பினான்.

"வாசல் வரைக்கும் வந்த குழந்தையை விரட்டியிருக்கே. நீயெல்லாம் மனுஷியா? உனக்குன்னு ஒரு பிள்ளை குட்டி இருந்தா தெரியும்."

நர்ஸ் மாத்திரைக் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கொடு இப்படி. உன் வேலை போறதைக் கண்ணால பார்க்கிறதுக்காவது நான் உயிரோட இருக்கணும்."

ஆறு மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்கினான். கையோடு தாள் கேட்டான். கொடுத்தாள். பேனா கேட்டான். தன் சட்டைப்பையிலிருந்ததை எடுத்து நீட்டினாள்.

புகார் எழுதினான். ஈவு இரக்கமில்லாதவள், கல்நெஞ்சுக்காரி, ஆளுக்கொரு சட்டம் பேசுகிறவள். ஒரு பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதினான்.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்ததும் தாளைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தான். அவர் வெளியே நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"விசாரிக்கிறேன்," என்று கதவோரத்து மைக்கில் சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

மாட்டினாள் என்று மெக்கானிக் அறைக்குள்ளிருந்த ஸ்பீக்கரில் காதை வைத்தான்.

"எத்தனை நாளைக்கு சிஸ்டர் இந்தக் கெட்ட பேரைச் சுமப்பீங்க? உண்மையைச் சொல்லிடலாமே."

"வேண்டாம் டாக்டர். குழந்தைக்கும் இதே தொற்று வந்து மேல் மாடியில படுத்திருக்குன்னு தெரிஞ்சா, தன்னாலதான்னு மனுஷன் உடைஞ்சு போயிடுவார். போன மாசமே மனசு விட்டுப்போய் நாலு நாள் மாத்திரையைத் தொடாம கிடந்தார். என் பேரைச் சொல்லிடுங்கன்னு அவர் சம்சாரத்துக்கிட்ட சொன்னதே நான்தான். பாப்பா எழுந்து நடமாடற வரைக்கும், என் மேல இருக்கிற கோபத்துலயாவது விழுங்கட்டும்."