பிசகு

கல்லைப் பார்த்துத்தான் நிரோஷா காலை வைத்தாள்.

கல் உருண்டது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் "அம்மா" என்று கத்திக்கொண்டு பாதையோரம் உட்கார்ந்துவிட்டாள்.

முதுகில் தண்ணீர்ப் பை கனத்தது. தேர்வுக்கு வந்த எல்லோர் முதுகிலும் அதே கனம்தான். அதைச் சுமந்துகொண்டு சோதனைச்சாவடியிலிருந்து மலையுச்சிவரை ஏறி, குறித்த நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்கியவர்களுக்கு இந்தக் கோடையில் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் இடம்.

ஏறியாகிவிட்டது. இறக்கம் மட்டும்தான் பாக்கி.

அவளுக்கு அந்த இடம் வேண்டாம்.

போன வாரம்வரை வேண்டும் என்றுதான் இருந்தாள். வனக்காவலர் வேலையில் சேர்ந்த நம்ம ஊர்ப் பெண் தீயணைக்கப் போகிறாள் என்று தெருவே பேசியது. அப்பா டீக்கடையில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

முந்தாநாள் பயிற்சிக்காக ஒரு சரிவில் புல்லைக் கொளுத்தினார்கள். எல்லோரும் கையில் பச்சைத் தழையோடு வரிசையாக நின்றார்கள். சின்னத் தீதான். திடீரென்று காற்று திரும்பியது. ஆளுயரப் புல் மொத்தமாகப் பற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே எழுந்தது.

அந்தச் சத்தம். தீக்கு அப்படியொரு சத்தம் உண்டென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மற்றவர்கள் அடித்து அணைத்தார்கள். அவள் தழையைப் பிடித்தபடி நின்றாள். புகையில் யாரும் கவனிக்கவில்லை.

பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. கால் பிசகிவிட்டது என்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேரமாகிறது என்று நடையைக் கட்டினார்கள். அவள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

பாண்டீஸ்வரி மட்டும் திரும்பி ஏறி வந்தாள்.

பயிற்சி முகாமில் பக்கத்துக் கட்டில்காரி. அவளுடைய ஊர் இதே மலையின் அடிவாரம். போன கோடையில் தீ இறங்கி வந்து அவர்கள் ஆட்டுக்கொட்டகையை எரித்துவிட்டது. கட்டிக் கிடந்த ஆடுகளோடு. அதை ஒரே ஒருமுறைதான் சொன்னாள். பிறகு தினமும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, மணல் மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடிப் பழகினாள்.

"என்னாடி ஆச்சு?"

"காலு பிசகிருச்சு. நீ போ."

"எந்திரி."

"எனக்காக நிக்காத. நேரம் போயிரும். போடி."

பாண்டீஸ்வரி காதில் வாங்கவில்லை. நிரோஷாவின் பையைக் கழற்றித் தன் நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டாள். முதுகில் ஒன்று, முன்னால் ஒன்று. குனிந்து தோளைக் கொடுத்தாள்.

அப்போதே எழுந்து நடந்திருக்கலாம். வலி விட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள்.

பாண்டீஸ்வரியின் கழுத்து வியர்வை அவள் கையை நனைத்தது. மூச்சு இரைத்தது. இரண்டு இடத்தில் தடுமாறினாள். ஆனாலும் ஒரு குறையும் சொல்லவில்லை.

"பாத்து வையி. கல்லு கெடக்கு."

அவ்வளவுதான்.

சாவடிக்கு வந்து சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

நேரம் குறித்துக்கொண்டிருந்த ரேஞ்சர் எழுந்து வந்தார். தன் நாற்காலியிலேயே அவளை உட்காரவைத்தார்.

"நிரோஷாவுக்கு அடிபட்டிருக்கு. அதுக்கு ரூல்ல இடமிருக்கு. காலு சரியானதும் இன்னொரு தடவ நடக்கட்டும்." பிறகு பாண்டீஸ்வரியைப் பார்த்தார். "நீ ஏம்மா லேட்டு? ஒனக்கு நல்லாத்தானே இருக்கு? நான் என்ன காரணம் சொல்றது?"

பாண்டீஸ்வரி இரண்டு பைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"ஒதவி பண்ணது பெரிய விஷயந்தாம்மா. ஆனா இந்த வருஷம் ஒனக்கு இல்ல." அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

"சார்" என்றாள் நிரோஷா.

எல்லோரும் திரும்பினார்கள். நேரத்துக்கு வந்து தேறியவர்கள், ரேஞ்சர், பாண்டீஸ்வரி.

"சொல்லும்மா."

தொண்டைவரை வந்தது.

"கொஞ்சம் தண்ணி வேணும் சார்."

ரேஞ்சர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தாள்.

கூட்டம் கலைந்தது. ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள். பாண்டீஸ்வரி சாவடிக்குள் போய் யாரிடமோ கேட்டு வலிக் களிம்பு வாங்கி வந்தாள். உள்ளே அழுதிருக்கிறாள். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து விரலில் களிம்பை எடுத்துக்கொண்டாள்.

"ஒனக்காச்சும் இன்னொரு தடவ கெடச்சுச்சே. என் பங்குக்கும் சேத்து அடிச்சு அணைச்சுட்டு வா."

இன்னொரு கையை நீட்டினாள்.

"எந்தக் காலு?"

நிரோஷா குனிந்து பார்த்தாள். புழுதி படிந்த இரண்டு ஷூக்கள். வழியெல்லாம் எந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்தோம் என்பது அவளுக்கு நினைவில்லை.

பாண்டீஸ்வரியின் கை நீட்டியபடியே இருந்தது.

நிரோஷா இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.