முடிவ மாத்து!

இன்னா, நாய் படம்னதும் துண்ட எடுத்து கண்ணுகிட்ட வச்சிக்கினீங்களா? எறக்குங்க. இது சிரிப்பு கதை.

சாலவாக்கத்துக்கு அந்தாண்ட ஒரு ஊரு. பள்ளிக்கூடத்துக்கு எதுக்க கவர்மெண்டு பிலிம் வண்டி வந்து தெர கட்டி ஒரு நாய் படம் போட்டிச்சி. ஊர்க்காரங்க தெரைக்கு முன்னாடி. காலனிக்காரங்க தெரைக்கு பின்னாடி. எப்பவும் அப்பிடித்தான்.

ஒம்போதாவதோட நின்னுட்ட சேட்டு, தெரை ஓரமா அந்தாண்ட எட்டி பாத்தான். கூட்டாளி ஏசுதாஸு கைக்கொழந்தையோட குந்திக்கினு இருந்தான்.

"இன்னாடா, உனுக்கு நாய் மூஞ்சி தெரியுதா, வாலு மட்டுந்தானா?"

"எல்லாம் தெரியுது. உனுக்கு சோத்தாங்கை பக்கம் ஓடறது எனுக்கு பீச்சாங்கை பக்கம் ஓடுது, அவ்ளோதான்."

படம் சின்னது. வூட்டுக்காரன் நாய வெளிய தள்ளி கதவ சாத்தறான். கொட்டற மழ. நாய் கதவ பிராண்டுது. யாரும் தொறக்கல. அப்பிடியே சுருண்டு படுத்துச்சி. முடிஞ்சிது.

ஊர் பக்கம் குந்திக்கினு இருந்த மங்கம்மா மூக்க சிந்திச்சி. ஊருல பெரிய நெலக்காரரு முத்துகிருஷ்ணன் எழுந்து நின்னுட்டாரு.

"கதவ தொறந்தா இன்னா கொறஞ்சிடும்? வாயில்லா ஜீவன்யா! யோவ் ஆப்பரேட்டரு, முடிவ மாத்து!"

"பிலிம்ல எப்பிடிங்க மாத்தறது?"

"மாத்தலன்னா வண்டி ஊர தாண்டாது."

சேட்டு சொன்னான், "ரிவர்ஸ்ல ஓட்டுண்ணா."

ஓட்டினாரு. படுத்த நாய் எழுந்துச்சி. மழ தரையில இருந்து வானத்துக்கு போச்சி. கதவு தொறந்துச்சி. நாய் பின்பக்கமாவே நடந்து வூட்டுக்குள்ள பூந்துச்சி.

ஊரே கை தட்டிச்சி. முத்துகிருஷ்ணன் கண்ண தொடச்சிக்கினாரு.

அப்ப புடிச்சிது பாரு, நெஜ மழ. ஊர்க்காரங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குள்ள ஓடினாங்க. காலனி தூரம், ஏரிக்கு அந்தாண்ட.

"சாரல் அடிக்குது, கதவ சாத்துடா சேட்டு!" உள்ள இருந்து ஒரு கொரலு.

சாத்தினான். கொஞ்ச நேரத்துல கதவ யாரோ லேசா பிராண்டற மாரி சத்தம்.

"ஐயோ, நாய்டா! நனையுது பாரு, பாவம்," மங்கம்மா பதறிச்சி.

"தொறடா!" முத்துகிருஷ்ணன் கத்தினாரு. "இப்பதானடா படத்துல பாத்தோம்! மனுசனாடா நீ?"

சேட்டு தொறந்தான். கொழந்தைய சட்டைக்குள்ள வச்சி மூடிக்கினு, வாசப்படிக்கு கீய ஏசுதாஸு.

உள்ள இருட்டுல இருந்து முத்துகிருஷ்ணன் கேட்டாரு, "நாய் வந்துச்சா?"

"நாய் இல்ல மாமா. ஏசுதாஸு. கொழந்தையோட நிக்கிறான்."

"ஓ. அப்ப சாத்து."

சேட்டு சாத்தினான். தாப்பா போட யாரும் சொல்லல. அதையும் அவனேதான் போட்டான்.