சுபத்துக்குப் பிறகு

"யோவ் குழந்தைவேலு! சுபம்னு போட்ட பெறகும் படம் ஓட்டுன ஒரே தியேட்டரு இந்த ஜில்லாவுலயே நம்மளுதுதான்யா!"

மேனேஜர் கோட்டைச்சாமி மிஷின் ரூம் படியேறி வந்த வேகத்தில் வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது. ஆப்பரேட்டர் குழந்தைவேலு காலி ரீல் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கடைசி ரீலை அதற்கு முந்தைய ரீலின் இடத்தில் மாட்டி ஓட்டியாகிவிட்டது. டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுக்கிலிருந்து வரிசையாக எடுத்து மாட்டுவது தன் தனித் திறமை என்று காரைக்குடி முழுக்கப் பீற்றிக்கொண்டதும் அவரேதான்.

படம், யாரும் சீந்தாத ஓர் ஓவியனைப் பற்றியது. அவன் காதுக்குள் யார் யாரோ பேசுவார்கள். கடைசி ரீலில் கிணற்றில் விழுந்து செத்துப்போவான். அதற்குப் போய் சுபம் என்று போட்டிருந்தது அந்தக் கம்பெனி.

இன்று பகல் காட்சியில் அவன் முன்கூட்டியே செத்தான். சுபம் விழுந்தது. ஜனம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டது. குழந்தைவேலு பதறிப்போய், பழக்க தோஷத்தில், மிச்சமிருந்த டப்பாவையும் மாட்டிவிட்டார். செத்தவன் சலவைச் சட்டையோடு வந்து உட்கார, பெண்டாட்டி அவனுக்குச் சோறு ஊட்டினாள். ஜனம் மறுபடி உட்கார்ந்தது.

"காசைத் திருப்பிக் கேக்குறாகளாண்ணே?"

"கேட்டாத்தான் பரவால்லையே! கை தட்டுறாய்ங்கய்யா. 'பொழைச்சுட்டான், பொழைச்சுட்டான்'னு பேசிக்கிட்டுப் போறாய்ங்க. அடுத்த ஆட்டத்துல அவனைக் கொன்னா நம்மள ஒதைப்பாய்ங்க." கோட்டைச்சாமி குரலைத் தாழ்த்தினார். "நெசத்தச் சொல்லு. ஒம் மச்சினன் உள்ள இருக்கான்னுதான வேணும்னே மாத்துன?"

"எம்புள்ளைக மேல சத்தியமா இல்லண்ணே! கை தவறிப்போச்சு."

உண்மைதான். குழந்தைவேலு போட்டிருந்த திட்டமே வேறு. கிணறு வருவதற்கு முன்னால் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கரண்டு போச்சு என்று கத்தலாம் என்றிருந்தார். பாழாய்ப்போன கிணறு சொல்லாமல் கொள்ளாமல் முதலிலேயே வந்துவிட்டது.

மச்சினன் சொக்குதான் இந்தத் தியேட்டருக்குப் பேனர் வரைகிறவன். வாசலில் பனைமர உயரத்துக்கு நிற்கும் கதாநாயகனைப் பார்த்து வாய் பிளக்கிற யாரும் வரைந்தது யார் என்று கேட்டதில்லை. அவன் காதுக்குள்ளும் குரல்கள் உண்டு. அவை மிஞ்சிப்போகும் நாட்களில், வரைந்து வைத்த முகங்களையெல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்வான். மதுரை டாக்டரின் மாத்திரையில் இப்போது கொஞ்சம் தேவலை.

"எந்தம்பிய அந்தப் படத்துப் பக்கம் மட்டும் விட்றாதீக. பார்த்துட்டு அவனும் ஏதாச்சும் பண்ணிக்கிட்டா நான் என்ன செய்வேன்?" என்று குழந்தைவேலுவின் மனைவி சிட்டாள் அழுதிருந்தாள்.

குழந்தைவேலுவும் தன்னால் ஆனதைச் செய்தார். படம் குப்பை என்றார். டிக்கெட் இல்லை என்றார். சீட்டெல்லாம் மூட்டைப்பூச்சி என்று, தனக்குச் சோறு போடும் தியேட்டரையே காட்டிக்கொடுத்தார். சொக்கு கேட்டால்தானே? இன்று பெஞ்சு டிக்கெட் எடுத்து முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான்.

கீழே, கோட்டையூர் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைத் தாண்டி, டீக்கடை பெஞ்சில் இருந்தான் சொக்கு. குழந்தைவேலு பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தை ஓரக்கண்ணால் மேய்ந்தார்.

"படம் எப்படிடா?"

"நல்லாருந்துச்சு அத்தான். மூட்டைப்பூச்சிதேன் ஒண்ணையுங் காணோம்."

"அந்தக் கெணத்துச் சீனு... அதெல்லாம் டூப்புடா. உள்ள தண்ணியே கெடையாது. மெத்தை போட்டிருப்பாய்ங்க."

"அப்படியா?"

"பின்ன? அவனே எந்திரிச்சு வந்து சோறு திங்கலையா?"

"தலைகூட நனையாம வந்தான் அத்தான்."

குழந்தைவேலு டீ கிளாஸை உருட்டினார்.

"சொக்கு, என்னைய ஆழம் பாக்காத. இதப் பாத்து ஒன் மனசுக்குள்ள ஏதாச்சும்... இன்னிக்கு ஏதோ எங்கை தவறுனதால தப்பிச்சோம். நாளைக்கே எவனாச்சும், அவன் கடைசியில செத்துப்போறான்டான்னு ஒங்கிட்டச் சொன்னா..."

"செத்துத்தேன் போறான். மதுரைக்கு மாத்திரை வாங்கப் போனப்பவே முழுசாப் பாத்துட்டேனே."

குழந்தைவேலு டீயை விழுங்க மறந்தார்.

"அப்ப இன்னிக்கு எதுக்குடா வந்த?"

சொக்கு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தான்.

"ஆட்டத்துக்கு முன்னாடி நீங்க டீ குடிக்க எறங்குன நேரமாப் பாத்து அந்த ரெண்டு டப்பாவையும் மாத்தி வைக்கத்தேன். இந்தப் படம் வந்ததுல இருந்து, ஆட்டம் முடிய முடிய மூச்சு வாங்க ஓடியாந்து என் சன்னல்ல எட்டிப் பாத்துட்டுப் போறீக. அவன் செத்தா நான் தாங்கிருவேன் அத்தான். நீங்கதேன் தாங்க மாட்டேங்கிறீக."