பியற்றிஸின் சோத்துக்கை

பியற்றிஸ் அன்று மண்டபத்துக்கு வரவேயில்லை. டூட்டிங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஆனாலும் ஒலிபெருக்கி அவரைப் பெயர் சொல்லி ஏசியது.

“பியற்றிஸ், அது பீச்சாங்கை! சோத்துக்கையைக் குடும்!”

ஆடிக்கொண்டிருந்தவர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். தியாகராஜா மட்டும் சிரிக்கவில்லை, மேடையைப் பார்த்தார். மைக்குக்கு முன்னால் செபஸ்தியாம்பிள்ளை வாயை அசைத்தபடி நின்றார்.

‘பிடிபட்டார் கள்ளன்!’ என்று தியாகராஜாவின் உள்ளம் குதித்தது.

லண்டன் கிங்ஸ்பரித் தமிழரின் சதுர நடனக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். நான்கு சோடிகள் சதுரமாக நிற்க, ஒருவர் மேடையிலிருந்து இசைக்கு மேலாக அடவுகளைக் கூவிச் சொல்வார். கேட்டபடி எல்லோரும் ஆட வேண்டும். இசை கணினியிலிருந்து வரலாம். கூவுகிற குரல் மட்டும் அந்த நேரத்தில் அந்த வாயிலிருந்தே வர வேண்டும் என்பது குழுவின் சட்டம். சட்டத்தை எழுதியவரும் தியாகராஜாவே. அந்த மைக்கின்மேல் தமக்கு நெடுநாளாக ஒரு கண் இருந்ததை மட்டும் அவர் சட்டத்தில் எழுதவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நேரே கணினி மேசைக்குப் போனார். இசையைப் பதிந்து, வெட்டி ஒட்டி, ஓடவிடுபவர் கொட்வின். மற்ற நாள்களில் பஸ் ஓட்டுபவர்.

“கொட்வின், உண்மையைச் சொல்லும். இது பதிஞ்ச குரல்தானே?”

கொட்வின் மறைக்கவில்லை. “ஓம் அண்ணை. இசை ஒரு ட்ராக்கில, குரல் இன்னொரு ட்ராக்கில. முந்தி அவர் மேடையில சொல்லேக்க பதிஞ்சது. இப்ப எங்கட முழங்காலுகளுக்கு ஏத்தமாதிரி வேகத்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கிறன்.”

“பியற்றிஸை ஏசினதையாவது வெட்டி எறிஞ்சிருக்கலாமே! கள்ளவேலையைக்கூட ஒழுங்காய்ச் செய்யத் தெரியேல்லை.”

“வெட்டத்தான் போனனான். ‘அது என்ர இடம், கை வைக்காதை’ எண்டு பியற்றிஸ் அக்கா விடேல்லை.”

“அப்ப அவவுக்கும் தெரியுமோ?”

“உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும், அண்ணை.”

செபஸ்தியாம்பிள்ளை கழுத்துச் சால்வையைச் சரிசெய்தபடி மெல்ல வந்தார். தொண்டையில் செய்த ஒப்பரேசனுக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது காற்று மட்டுந்தான்.

“ஆக்கள்... ஆடவேணும்... எண்டுதான்...”

“குரல் இல்லாதவர் மைக்கை விடவேணும்! வாயை அசைச்சுச் சனத்தை ஏமாத்திறது ஒரு கலையோ? ஆண்டுவிழாவில நானே சொல்லுறன். உயிர்க்குரல் எண்டால் என்னெண்டு காட்டுறன்.”

செபஸ்தியாம்பிள்ளை மைக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

“ஒருக்கா ஒத்திகை பாப்பமோ, அண்ணை?” என்று கேட்டார் கொட்வின்.

“எனக்கோ ஒத்திகை?”

விழாவுக்கு வால்தம்ஸ்டோவிலிருந்தும் விருந்தினர் வந்திருந்தனர். தியாகராஜா பட்டுச் சால்வையோடு மேடையேறினார். இரண்டு காதையும் இறுக மூடும் பெரிய ஹெட்போன் ஒன்றை இதற்கென்றே வாங்கியிருந்தார். இசையும் தம்முடைய குரலும் தவிர வேறொன்றும் அதில் கேளாது. பெரிய கலைஞர்கள் அப்படித்தான் மாட்டுவார்கள் என்பது அவர் கட்சி.

அடவுகளையும் திருத்தியிருந்தார். ‘பெண்டுகள் நடுவுக்கு, ஆம்பிளையள் சுத்தி வாங்கோ’ என்று செபஸ்தியாம்பிள்ளை சொல்லிவந்தது அவருக்குக் கொச்சையாகப் பட்டது.

“மகளிர் மையம் நோக்கி முன்னேகுக! ஆடவர் வலஞ்சுழித்து மீள்க!”

அவர் ‘மீள்க’ என்று முடிப்பதற்குள் தாளம் அடுத்த அடவுக்குப் போய்விட்டது. மகளிர் மையத்தில் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். ஆடவர் சுழித்தார்கள், மீளவில்லை. அவர்களில் ஒருவரான அம்பலவாணத்தார் ஒரு கதிரையோடு சாய்ந்தார்.

தியாகராஜா கீழே பார்த்தார். விருந்தினர் கண்முன்னே மானம் கப்பலேறப் போகிறது. கணினி மேசையருகே செபஸ்தியாம்பிள்ளை குனிந்து கொட்வினின் காதில் ஏதோ சொல்வதும், கொட்வினின் விரல்கள் அவசரமாக நகர்வதும் தெரிந்தன.

‘என்ர நிலையைப் பாத்துப் பகிடி பண்ணுறார். பொறாமை!’

பல்லைக் கடித்துக்கொண்டு குரலை உயர்த்தினார். என்ன ஆச்சரியம்! குலைந்த சதுரங்கள் கூடின. கைகள் கைகளைத் தேடிப் பிடித்தன. அம்பலவாணத்தார்கூட எழுந்து சுழன்றார். ஓரிடத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தார்கள். தம் செந்தமிழ் அவர்களை மகிழ்விப்பதைக் கண்டவர், மேலும் இரண்டு ‘முன்னேகுக’ சேர்த்துக்கொண்டார்.

இசை நின்றது. அவர் ஹெட்போனைக் கழற்றியபோது கைதட்டல் காதை அடைத்தது. எல்லோரிலும் பலமாகத் தட்டியவர் செபஸ்தியாம்பிள்ளை. தியாகராஜா அதையும் மன்னித்தார்.

“சபையோரே! பதிஞ்சு வைச்ச குரலுக்கும் உயிர்க்குரலுக்கும் உள்ள வித்தியாசத்தை இண்டைக்குக் கண்டனீங்கள்தானே?”

“கண்டனாங்கள்! கண்டனாங்கள்!” என்றது மண்டபம்.

மேடையிலிருந்து இறங்கியவரைப் பியற்றிஸ் வழிமறித்தார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

“எல்லாம் திறம், தியாகு அண்ணை. ஆனால் எனக்கொரு மனவருத்தம். நான் இண்டைக்குச் சோத்துக்கையைத்தானே குடுத்தனான். பிறகேன் பீச்சாங்கை எண்டு என்னை ஏசினனீங்கள்?”