கேனுக்குள் குதித்த ஆரஞ்சுப் பொடி

போன வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போனபோது, கூட வந்த நர்ஸ் ஆரோக்கியசெல்வி கால்வலி மறக்க எனக்கு இதைச் சொன்னாள்.

ஒரு கேன் நிறையக் குளத்துத் தண்ணீர். அதற்குள் குளோரின் மாத்திரை கரைந்து, கிருமிகளைக் கொன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஆரஞ்சுப் பொடி, வாய் திறந்த பாக்கெட்டில் இருந்தது. மரத்தடியில் ஒரு பிள்ளை தாகத்தோடு காத்திருந்தது.

"என்ன நாத்தம் அண்ணே இது? பிள்ளை எப்படிக் குடிக்கும்? தள்ளுங்க, நான் வரேன்" என்றது பொடி.

"அரை மணி நேரம் பொறு தம்பி. வேலை பாதியிலே நிக்குது" என்றது மாத்திரை.

"உங்களை என்னைக்காவது யாராவது ஆசையாக் கூப்பிட்டிருக்காங்களா?" என்று சொல்லிக்கொண்டே பொடி உள்ளே குதித்தது.

நாற்றம் போன இடம் தெரியவில்லை. "பாத்தீங்களா, ஒரு நொடியில முடிச்சிட்டேன்" என்று பொடி சிரித்தது.

மாத்திரையின் குரல் மெலிந்துவிட்டது. "உன் புளிப்பு என் பலத்தைத் தின்னுடுச்சு தம்பி. மிச்சக் கிருமியெல்லாம் உயிரோட இருக்கு."

அதற்குள் பிள்ளை டம்ளரோடு வந்துவிட்டது. கரைந்துபோன பொடிக்கு வெளியே வர வழியில்லை. "கேன் அக்கா, ஏதாவது செய்யுங்க" என்று அழுதது.

கேன் மெல்லச் சாய்ந்து, அவ்வளவு தண்ணீரையும் மண்ணில் கொட்டியது.

"ஒழுங்கா நிக்கக்கூடத் தெரியலையே உனக்கு" என்று பிள்ளையின் அம்மா கேனை அதட்டினாள். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபடி குளத்துக்கு நடந்தாள்.

இன்றைக்கு ஜெபம் சொல்லும்போது, அந்தக் கேனையும் ஒரு வார்த்தை நினைத்துக்கொள்ளுங்கள்.